மானாவாரி எழுத்து

எழுதக் கற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்று பதில் சொல்வதுதான் நம் எழுத்தாளர்களிடையே வழக்கம். அந்தப் பதிலில் ஒரு கௌரவம் இருக்கிறது. எழுத்து பிறவியிலேயே வரும் வரம் என்று சொல்லும்போது, சொல்கிறவர் தாமும் வரம் பெற்றவர் என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. ஆனால் அதே எழுத்தாளரிடம் ஒரு பத்திரிகாசிரியர் பொங்கல் மலருக்குக் கட்டுரை கேட்டால், இளம் எழுத்தாளர்களுக்குப் பத்து யோசனைகளைத் தயங்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார். கற்றுக் கொடுக்க முடியாத ஒன்றுக்கு இத்தனை யோசனைகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சிருஷ்டி சக்தியைச் சொல்லிக் கொடுக்க முடியாது. தொழிலைச் சொல்லிக் கொடுக்க முடியும். தமிழில் அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். மகரம் பல எழுத்தாளர்களிடம் கட்டுரை வாங்கி ‘எழுதுவது எப்படி?’ என்று தொகுத்தார். ரா. கி. ரங்கராஜன் ‘எப்படிக் கதை எழுதுவது?’ என்று புத்தகமே எழுதினார். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது மலாயாவில் நடந்த காரியம். 1950ஆம் ஆண்டு வாக்கில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் சேர்ந்து ‘கதை வகுப்பு’ என்ற பகுதியை நடத்தினார்கள். எழுத ஆசைப்பட்ட வாசகர்களுக்குப் பத்திரிகை மூலமாகவே பாடம், பயிற்சி. அந்த நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அந்த வகுப்பிலிருந்துதான் கிளம்பினார்கள். ஆகவே பயன் இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

ஆனாலும் இந்த மாதிரி யோசனைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் எழுது, நிறையப் படி, பத்திரிகைகளின் ரசனையைத் தெரிந்துகொள், பிரயாணம் செய்து அனுபவம் சேர்த்துக்கொள் என்கிறார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் மேஜை, விளக்கு, ஓய்வு, புத்தகக் கடை, பக்கத்துத் தெருவில் பத்திரிகை ஆபீஸ் எல்லாம் உள்ளவனுக்குச் சொன்ன யோசனை அது. ஆற்றுப் பாசனக்காரன் பேச்சு. திறந்தால் மடையில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இருந்துகொண்டு எழுத நினைக்கிறவனுடைய நிலைமை வேறு. அவன் மானாவாரிக்காரன்.

இந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்குப் போகிற வழியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசலும் பொட்டலும்தான். கண்மாய் உண்டு, தண்ணீர் இருப்பது சில மாதங்கள். குண்டாறு உண்டு, மணலைத்தான் அதிகம் பார்க்கலாம். வானம் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். அருப்புக்கோட்டை ஊருக்குள்ளே தறியும் நூல் மில்லும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழையை நம்பித்தான் வெள்ளாமை. அந்த மழையும் நிச்சயமில்லை.

இந்த நிலத்திலிருந்தும் இதைச் சுற்றியுள்ள கரிசலிலிருந்தும் வந்த எழுத்தாளர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. அவர்களில் அநேகமாக ஒருவர்கூட அந்தப் பத்து யோசனைகளின்படி எழுத்தாளரானவர் இல்லை.

இடைசெவல் கி. ராஜநாராயணனை எடுத்துக்கொள்வோம். 1923இல் பிறந்தவர். கல்லூரி வாசனையே கிடையாது. பள்ளிப் படிப்பும் பாதியோடு நின்றது. தொழில் விவசாயம். ‘சரஸ்வதி’ பத்திரிகையில் ‘மாயமான்’ என்ற கதை வெளிவந்தது 1958இல். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. தினமும் இரண்டு மணி நேரம் எழுதிப் பழகிய கை அல்ல அது. அதுவரை அவர் செய்த பயிற்சி எல்லாம் கேட்டதுதான். சங்கீதம் கேட்டார், பெரியவர்கள் பேச்சைக் கேட்டார், நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த கு. அழகிரிசாமிக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, நம்மில் பலர் ஐந்து வருஷம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொள்வதைவிட அதிகமாக இருவருக்கும் கற்றுக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதம் எழுதுவது ஏன் நல்ல பயிற்சி என்றால், எதிரே ஒரு ஆள் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவனிடம் வேஷம் போட முடியாது, போட்டால் சிரிப்பான். இளம் எழுத்தாளனுடைய முதல் பத்துக் கதைகளில் இருக்கிற கோளாறு முக்கால்வாசி, எதிரே யாரும் இல்லாமல் பேசுவதால் வருவது. யாருக்கு என்று தெரியாமல் எழுதும்போது குரல் மேடைக்குரலாகிவிடுகிறது. ஆகவே என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ரசனையுள்ள ஒரு நண்பனைத் தேடிக்கொண்டு, வாரம் ஒரு முறை அவனுக்கு நீளமாக எழுதுங்கள். ஊரில் நடந்ததை எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து அந்தக் கடிதங்களையும் நீங்கள் எழுதிய கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதத்தில் உயிரோடு இருக்கிற மொழி கதையில் எங்கே செத்துப்போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தினமும் எழுது என்ற யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டைத் தெருக்களில் விடியற்காலையில் பாவு ஆற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, பிறகுதான் தறிக்குக் கொண்டு போவார்கள். அங்கேயும் ஒவ்வொரு இழையாகப் பழைய பாவின் நுனியோடு பிணைக்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் நாடா ஓடத் தொடங்கும். பாவில் பழுது இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரனும் நல்ல சேலை நெய்ய முடியாது. தினமும் எழுது என்று சொல்கிறவர்கள் நாடா ஓடுவதை மட்டும் வேலை என்று எண்ணுகிறார்கள். எழுதாத நாளிலும் எழுத்தாளனுக்கு வேலை உண்டு. சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவன் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறான், பஞ்சாயத்தில் பொய் சொல்கிறவன் எதை மிகவும் விவரமாகச் சொல்கிறான் என்று கவனித்துக் குறித்துக்கொள்வதும் எழுத்து வேலைதான். குறிப்பு இல்லாத எழுத்தாளன் பாவு இல்லாத நெசவாளி.

இனி, விமர்சனத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பையன்களும் பெண்களும் எழுதி அனுப்புகிற கதைகளைப் படிக்கும்போது அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்க முடிகிறது. முதல் வகையில் கதை சென்னையிலோ பெங்களூரிலோ நடக்கிறது. எழுதியவர் அங்கே இருந்ததில்லை என்பது இரண்டாவது பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. இரண்டாவது வகையில் கதை ஊரிலேயே நடக்கிறது. ஆனால் ஊர் இல்லை. நிலம் வெடித்துக் கிடக்கிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு கிழவர் இருக்கிறார். ஒரு மாடு விற்கப்படுகிறது. கடைசியில் யாராவது தூக்கு மாட்டிக்கொள்கிறார்கள், அல்லது மழை பெய்துவிடுகிறது. கரிசல் இலக்கியம் என்றால் இதுதான் என்று எப்படியோ ஒரு அச்சு விழுந்துவிட்டது. முதல் வகையைவிட இது அபாயகரமானது. ஏனென்றால் முதலாவது பொய் என்று எழுதியவனுக்கே தெரியும். இரண்டாவதை அவன் மெய் என்று நம்புகிறான்.

வறட்சியைப் பற்றி நன்றாக எழுதியவர்கள் யாரும் வறட்சி என்ற தலைப்பில் சிந்திக்கவில்லை. கி. ரா.வின் ‘கதவு’ கதையைப் பாருங்கள். தீர்வை கட்ட முடியாத ஒரு வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி விளையாடிய குழந்தைகளுக்கு அது ஒரு வண்டி. தீப்பெட்டிப் படம் ஒட்டி அழகு பார்த்த சொத்து. கதவு போன பிறகு வாடைக் காற்று வீட்டுக்குள் வருகிறது. மழை பொய்த்ததையும் கடனையும் பற்றி ஆசிரியர் பிரசங்கம் செய்யவில்லை. பின்னால் ஒரு நாள் அதே கதவைக் குழந்தைகள் வேறிடத்தில் காணும் காட்சியில் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கதை முழுவதையும் ஒரு கதவு தாங்குகிறது.

கந்தர்வன் எழுதிய ‘தண்ணீர்’ கதையும் அப்படித்தான். ராமநாதபுரச் சீமையில் சிக்கல் என்ற ஊரில் 1944இல் பிறந்தவர். அரசாங்க ஊழியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்து 2004இல் மறைந்தார். ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். பெட்டியில் ஏறிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒரு பெண் குடம் நிறைவதற்குள் ரயில் கிளம்பிவிடுகிறது. அவள் என்ன ஆனாள் என்று ஊர் பதறுகிறது. அவள் தண்டவாளத்தோடு நடந்து வருகிறாள்; இடுப்பில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. இந்தக் கதையில் ‘கொடுமை’ என்ற வார்த்தைக்கு வேலையே இல்லை. உயிர் போகிற பதற்றத்திலும் அவள் குடத்தை விடவில்லை என்ற ஒரு விவரம் போதும். இந்த மாதிரி ஒரு விவரத்தைப் பிடிப்பதுதான் தொழில். அதைக் கண்டுபிடிக்கிற வரையில் கதையைத் தொடங்காமல் காத்திருக்கத் தெரிவது தொழிலின் பெரும் பகுதி.

நாவலுக்கு உதாரணம் வேண்டுமானால் பக்கத்து ஊருக்கே போகலாம். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் 2003இல் ‘நெடுங்குருதி’ எழுதினார். வேம்பலை என்று ஒரு கிராமத்தைக் கற்பனை செய்து, அதன் கதையைக் கோடை, காற்று, மழை, பனி என்று காலங்களாகப் பிரித்துக்கொண்டார். அந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்தது. வெளியூர்க்காரன் எழுதினால் இந்த ஊருக்குக் கோடை ஒன்றுதான் காலம் என்று எழுதுவான். இங்கே வாழ்ந்தவனுக்குத்தான் காற்றடிக்கிற காலம் தனியாக ஒன்று உண்டு என்று தெரியும். நாவலில் சில இடங்களில் மாயமும் கனவும் கொஞ்சம் அதிகமாகவே ஓடுகின்றன என்பது என் அபிப்பிராயம். நிலம் கண்ணில் படாமல் வாக்கியம் மட்டும் மின்னுகிற பக்கங்கள் உண்டு. ஆனாலும் வெயிலை ஒரு பாத்திரமாகவே நடமாட விட்ட துணிச்சல் அவருடையது. கரிசலின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றி அவர் எழுதிய ‘சஞ்சாரம்’ 2014இல் வந்தது. 2018இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. வறண்ட ஊர் என்று பெயரெடுத்த இடத்தில் இத்தனை சங்கீதம் இருந்தது என்று அச்சுக் கதை எழுதுகிறவர்கள் யாராவது நமக்குச் சொன்னார்களா?

வட்டார வழக்கு விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. வந்தது என்பதை ‘வந்துச்சு’ என்றும் போயிற்று என்பதை ‘போச்சு’ என்றும் எழுதிவிட்டால் மண்வாசனை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வட்டார மொழியின் பலம் அதில் இல்லை. பொருள்களுக்கும் காரியங்களுக்கும் அந்த ஊர் வைத்திருக்கிற பெயர்களில் இருக்கிறது. கண்மாய் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கரை, மடை, கலிங்கு, உள்வாய் என்று அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. அதைக் காக்கிற ஆளுக்குப் பேர் உண்டு. மீன் பிடிக்கிற நாளுக்கு முறை உண்டு. சோ. தர்மனின் ‘சூல்’ நாவலுக்கு அஸ்திவாரமே இந்த அறிவுதான். 2016இல் வெளிவந்த அந்த நாவலில், கண்மாயைத் தெரிந்த சமூகம் ஒன்று அதை எப்படிப் பறிகொடுத்தது என்பது கதையாகிறது. அந்தப் பெயர்கள் தெரியாதவன் ‘நீர்நிலைகள் அழிந்தன’ என்று ஒரு வரியில் எழுதி முடித்திருப்பான்.

இந்தச் சொற்களையெல்லாம் திரட்டிக் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு அகராதி போட்டவர் யார்? பல்கலைக்கழகம் அல்ல. அதே கி. ராஜநாராயணன். பின்னர்தான் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. படித்தவர்கள் தேடி வரும்படியான ஒரு செல்வம், அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு வெறும் அன்றாடப் பேச்சாக இருந்தது. உங்கள் ஊரிலும் அது இன்னும் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வயதானவர்களிடம் கேட்டு, ஒரு நாளைக்கு இரண்டு சொல் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு வருஷத்தில் எழுநூறு சொல் சேரும். எழுநூறு சொல் புதிதாகக் கையில் உள்ள எழுத்தாளன் தமிழ்நாட்டில் எத்தனை பேர்?

நிறையப் படி என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் படிக்கிற விதம் ஒன்று உண்டு. அழகிரிசாமி கம்பராமாயணத்துக்கும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்கும் பதிப்பாசிரியராக வேலை செய்தார். பதிப்பிக்கிறவன் சொல் சொல்லாகப் படித்தாக வேண்டும். ஒரு எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘அன்பளிப்பு’ போன்ற கதைகளில் ஒரு சொல்கூட உரத்துப் பேசாததற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கு நூறு புத்தகம் படித்தேன் என்று கணக்குச் சொல்வதில் பெருமை இல்லை. ஒரு நல்ல கதையைக் கையால் பிரதி எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் எந்த இடத்தில் சும்மா இருந்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

எழுதியதைத் திருத்துவதற்கு உதாரணம் தேடினால், எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. சுந்தரர் தேவாரம் பாடிய திருச்சுழியில்தான் 1879இல் ரமண மகரிஷி பிறந்தார். அவரை நான் இங்கே ஞானியாகப் பேசவில்லை. வசனமும் செய்யுளும் எழுதிய ஒருவராகப் பேசுகிறேன். 1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த அவர் மண்ணிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தாம் பின்னாளில் ‘நான் யார்?’ என்று அச்சில் வந்தன. கேள்வி பதிலாக இருந்ததை அவரே பிறகு கட்டுரை வடிவத்துக்கு மாற்றி அமைத்தார். மண்ணில் விரலால் எழுதுகிறவனுக்கு வீண் சொல் வராது, இடம் இல்லை. 1928இல் ‘உள்ளது நாற்பது’ உருவானபோது நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. முன்பே எழுதிக் கிடந்த வெண்பாக்களைத் தொகுக்கலாம் என்று முருகனார் ஆரம்பித்தார். பொருத்தம் பார்க்கப் பார்க்கப் பழையவை பெரும்பாலும் விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் புதியவை எழுதப்பட்டன. விலக்கியவற்றை எறிந்துவிடவில்லை, அனுபந்தமாக வைத்தார்கள். நல்ல பாட்டாக இருந்தும் இந்த நூலுக்கு ஆகாது என்று எடுத்து வைக்கிற மனோதைரியம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அழகான பாரா ஒன்றைக் காப்பாற்றுவதற்காகக் கதையையே வளைத்துவிடுகிறோம். நமக்கும் ஒரு அனுபந்த நோட்டு வேண்டும். வெட்டியதை அதில் ஒட்டி வையுங்கள். எங்கும் போய்விடாது என்ற தைரியம் இருந்தால் கத்தி சுலபமாக ஓடும்.

இப்போது, எல்லோரும் நாசூக்காகத் தவிர்த்துவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். பணம்.

எங்கள் பக்கத்திலிருந்து வருகிற கடிதங்களில் இந்தக் கேள்விதான் அதிகம். “அண்ணாச்சி, வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் மில்லில் இருப்பார். அல்லது பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியராக இருப்பார். வீட்டில் தகப்பனார் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவராக இருப்பார். இதற்குப் பதில் சொல்லும்போது இலக்கியம் பேசினால் அது பாவம். கணக்குத்தான் பேச வேண்டும். இருநூற்றைம்பது ரூபாய் விலையுள்ள ஒரு புத்தகத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு இருபத்தைந்து ரூபாய். முந்நூறு பிரதி விற்றால் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு வருஷ உழைப்புக்கு அவ்வளவுதான். அதையும் ஒழுங்காகக் கணக்குக் காட்டிக் கொடுக்கிற பதிப்பாளர் கிடைத்தால். இந்தக் கணக்கைத் தாயாரிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நிற்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள் என்று எழுதுவேன்.

நம் கரிசல் எழுத்தாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? பூமணி கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்தார். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கிராமத்தில் கடை வைத்திருந்தார். அங்கிருந்தே ‘செம்மலர்’ போன்ற பத்திரிகைகளில் எழுதினார். 2008இல் ‘மின்சாரப்பூ’ தொகுதிக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு வாங்கினார். ‘குற்றப் பரம்பரை’ எழுதிய பெருநாழி வேல. ராமமூர்த்தி ராணுவத்திலும் தபால் இலாகாவிலும் இருந்தவர். கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஊர் முழுவதும் வந்து கதை சொல்லிவிட்டுப் போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன். உத்தியோகம் எழுத்துக்கு விரோதி என்கிற பேச்சு பாதிதான் உண்மை. உத்தியோகத்தில்தான் மனிதர்கள் வேஷமில்லாமல் வந்து நிற்கிறார்கள்.

முழுநேர எழுத்தாளராகவே வாழ்ந்தவர்கள் இல்லையா என்றால், உண்டு. எஸ். ராமகிருஷ்ணன் அப்படித்தான். ஆனால் அவர் எழுதியவற்றின் பட்டியலைப் பாருங்கள்: நாவல், சிறுகதை, பத்திரிகைத் தொடர், குழந்தைகள் புத்தகம், நாடகம், திரைப்பட வசனம். மானாவாரிக் காட்டில் ஒரே பயிரைப் போட மாட்டார்கள். சோளத்தோடு தட்டையும் பாசியும் கலந்து விதைப்பார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். முழுநேர எழுத்து என்று கிளம்புகிறவன் இந்தக் கலப்பு விதைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். நாவல் மட்டுமே எழுதுவேன் என்று விரதம் பூண்டால் குடும்பம் பட்டினி.

அழகிரிசாமியின் வாழ்க்கை வேறொரு பாடம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவர். ‘பிரசண்ட விகடன்’, ‘சக்தி’, கடல் கடந்து ‘தமிழ் நேசன்’, திரும்பி வந்து ‘நவசக்தி’ என்று பத்திரிகை பத்திரிகையாக உழைத்தார். மலாயாவில் இருந்தபோது அங்குள்ள இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். 1970இல், நாற்பத்தேழாவது வயது நிரம்புவதற்குள், காலமானார். சாகித்திய அகாதமிப் பரிசு ‘அன்பளிப்பு’க்கு வந்தது அவர் போன பிறகு. பரிசை எதிர்பார்த்து எழுதாதே என்று உபதேசம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மனிதரின் பெயர் இன்று நிற்பது பரிசினால் அல்ல. பத்திரிகை வேலை அத்தனையையும் செய்துகொண்டு, அதன் மொழி தம் கதைக்குள் நுழையாமல் காத்ததினால். வயிற்றுப்பாட்டுக்கு எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய காவல் அது. ஆபீஸ் தமிழும் விளம்பரத் தமிழும் கையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிவிட்டு உட்கார வேண்டும்.

பத்திரிகைகளின் ரசனை என்பதையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். அனுப்பிய கதைக்குப் பதிலே வருவதில்லை என்று வருந்துகிறார்கள். மானாவாரிக்காரன் ஆடியில் உழுது வைத்து, மழை வருவதற்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவான். மழை வந்த பிறகு விதை தேடினால் ஈரம் போய்விடும். அவன் வானத்தோடு சண்டை போடுவதில்லை; அடுத்த காட்டை உழப் போய்விடுகிறான். ஒரு கதையை அனுப்பிய அன்றே அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். பதில் வருகிறபோது கையில் வேறு வேலை இருந்தால், நல்ல பதிலும் தலைக்கேறாது. கெட்ட பதிலும் குடியைக் கெடுக்காது.

பூமணி ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக ஆண்டுக்கணக்கில் ஆதாரம் தேடி அலைந்தார். 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நடந்த கலவரங்கள்வரை தோண்டி எடுத்தார். நாவல் 2012இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்தக் கதைகளைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டறிந்த தலைமுறை இருந்தபடியால் அது முடிந்தது. திருச்சுழிப் பக்கத்தில் கமலை ஏற்றம் இறைத்த கை இன்னும் சிலருக்கு இருக்கிறது. அருப்புக்கோட்டையில் குழித்தறியில் கால் மிதித்தவர்கள் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. சென்னையிலிருந்து யாரும் வந்து அவர்களிடம் கேட்கப் போவதில்லை. வந்தாலும் என்ன கேட்பது என்று தெரியாது.

ஆகவே, எழுதுவது எப்படி என்று கேட்கிறவர்களிடம் நான் வேறொன்றும் சொல்வதற்கில்லை. வேலையை விடாதீர்கள். ஒரு நண்பனுக்குக் கடிதம் எழுதுங்கள். சொற்களுக்கு ஒரு நோட்டு, வெட்டியதற்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு பெரியவரின் திண்ணையில் போய் உட்கார்ந்து, தறியைப் பற்றியோ கமலையைப் பற்றியோ கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். கதை பிறகு வரும். அவர் அடுத்த வருஷம் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.